கருவாட்டு மாப்பிள்ளை

சன்னலச் சாத்தீராதீங்க சாமி. வெயிலடிச்சா இந்தத் துண்ட வேணா தொங்க உட்டுக்குங்க. எனக்குக் காத்து வரோணும். ஏழு மாசமா மூக்கப் பொத்திக்கிட்டுக் கார் ஓட்டின ஆளுங்க நானு. மூடின வண்டின்னாலே இப்ப எனக்கு ஆகறதில்ல.

தாராபுரமுங்களா? நானும் அங்கதான். அப்ப கடசி வரைக்கும் சேந்துதான் போகோணும். என்ற பேரு தெய்வசிகாமணி. சிங்காநல்லூர்ல குடியிருக்கேன், ஒரு பம்ப் கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன்ல வேல. மோட்டார் வெளிய போறதுக்கு முன்னால கடசியா என்ற கைக்குத்தான் வரும். ஓட்டிப் பாத்து, சத்தங் கேட்டு, கோளாறு எங்கன்னு சொல்றது நானு. இருவத்திரண்டு வருசத்துல நான் சரின்னு உட்ட ஒரு பம்புகூடத் திரும்பி வந்ததில்லீங்க. வந்திருக்கலாம். எனக்கு யாரும் சொன்னதில்ல.

மடியில இருக்கறதுங்களா? தாம்பாளத் தட்டு. வெத்தல பாக்கு, பழம், மச்சினனுக்கு வேட்டி சட்ட. என்ற பாப்பாவுக்கு வர்ற வெள்ளிக்கெழம காது குத்து, தாய்மாமன அழைக்கப் போறேன். எனக்கு ஒரே மச்சினன், பேரு பூபதி. மாமன் மடியில உக்கார வெக்காம காது குத்த முடியாதுங்களே. அவன் வருவானான்னு கேட்டீங்கன்னா, அதாந் தெரியல. நாலு மாசமா அவன் எங்கூடப் பேசறதில்ல. எல்லாம் ஒரு காருனால.

கார் வெச்சிருக்கறவன் பஸ்ஸுல ஏன் வர்றான்னு நெனப்பீங்க. அது செபாஸ்டின் பட்டறையில வயித்தக் கிழிச்சுப் போட்டாப்புலக் கெடக்குது. பிரிச்சுக் கழுவிக் காய வெச்சிருக்காரு. இருங்க, மொதல்ல இருந்தே சொல்றேன். நடுவுல இருந்து சொன்னா தப்பு என்னுதுன்னு நெனச்சுக்குவீங்க.

கார் பழசுதானுங்க, ஒரு டாக்டர் ஓட்டினது. வாங்கறப்பவே சுத்திச் சுத்திப் பாத்தேன். வைப்பருக்குக் கீழ, கண்ணாடியும் பானெட்டும் சேர்ற எடத்துல, கறுப்பா ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்குமல்ல? அதுல ஒரு மூல ஒடஞ்சிருந்துச்சு. வேற எவனும் பாத்திருக்க மாட்டான். நான் பாத்தேன். சொல்லி வெலையக் கொறச்சேன். அப்பறம் அத மாத்தல. அதென்ன, ஓட்டறதுக்கு இடைஞ்சலா? நான் கம்பெனி பஸ்ஸுல போறவன், கார எடுக்கறது ஞாயித்துக்கெழம மட்டுந்தான்.

போன ஆடி மாசம் பூபதி வந்து கார் கேட்டான். தாராபுரத்துல சைவ மெஸ் வெச்சிருக்கான், பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. கல்யாணமாகி மூனு வருசமாச்சு, குழந்தையில்ல. "ராமேஸ்வரம் போயிட்டு வரலாம்னு இருக்கோம் மச்சான், பஸ்ஸுல போனா அவளுக்கு ஆகறதில்ல"ன்னான். என்ற சம்சாரம் வளர்மதி என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறா. குடுக்காம இருக்க முடியுங்களா? குடுத்தேன். மூனு நாள்ல கொண்டாந்து உட்டான். பெட்ரோல் ரொம்ப ஊத்தியிருந்தான், பாப்பாவுக்குச் சங்கு வாங்கியாந்திருந்தான், கார உள்ளயும் வெளியவும் கழுவித் தொடச்சுக் குடுத்தான்.

அந்தக் கழுவினதுதானுங்க எனக்கு உறுத்திச்சு. நீங்களே சொல்லுங்க, எரவல் வாங்கின கார உள்பக்கமெல்லாம் எவனாச்சும் கழுவிக் குடுப்பானா? எதையோ மறைக்கறவந்தான் கழுவுவான். எங்க கம்பெனியிலயே பாருங்க, எந்தப் பம்ப்புக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டாறாங்களோ அதுலதான் உள்ள கோளாறு இருக்கும்.

ஒரு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கெழம காரத் தொறந்தேன். அடேங்கப்பா. அழுகின நாத்தமா, புளிச்ச நாத்தமா, ஒன்னுஞ் சொல்ல முடியல. ஏசியப் போட்டா மூஞ்சிக்கு நேரா வந்து அடிக்குது. வளர்மதி முந்தானையில மூக்கப் பொத்திக்கிட்டு, "சோறு கெட்டுப்போன வாசமாட்ட இருக்குதுங்க"ன்னா. "உனக்கு எந்நேரமும் சமையக்கட்டு நெனப்புத்தான். இது கருவாடு"ன்னேன். ராமேஸ்வரம் போனவன் வேற எதக் கொண்டாருவான்? அவ கண்ணாடிய எறக்கிக்கிட்டா.

நானா உட்டுருவேன்? கோளாறு கண்டுபுடிக்கறதுதான நம்ம பொழப்பு. கார நல்ல வெயில்ல நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏத்தி உட்டு, வளர்மதிய ஒவ்வொரு சீட்டுலயும் அஞ்சஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிட்டு உக்காரச் சொன்னேன். எங்க எச்சா அடிக்குதுன்னு பத்துக்கு மார்க் போடச் சொன்னேன். ரெண்டாவது சீட்டுல அவளுக்குத் தல சுத்திருச்சு. அதுக்கு மேல பரிசோதனைக்கு ஒத்துழைக்கல. பொம்பளைங்களுக்குப் பொறுமை கம்மிங்க.

நானே சீட்டுக்கு அடியில தலையக் குடுத்து மோந்து பாத்தேன். மேட்டத் தூக்கினேன். ஸ்டெப்னி வெக்கற குழியக் கழுவினேன். கெடச்சது என்னன்னா பாப்பா கடிச்சுப் போட்ட பிஸ்கட்டு, ஒரு காலுக்கு மட்டும் சாக்ஸு, பழய கல்யாணப் பத்திரிக ஒன்னு. அந்தக் கல்யாணத்துக்கு நாங்க போகல, அதுக்கு ஒரு தனிச் சண்ட. கருவாடு மட்டும் கெடைக்கல. கெடைக்காததே ஒரு சாட்சி, சுத்தமா எடுத்துப்போட்டான்னு நெனச்சேன்.

பூபதிக்குப் போன் போட்டேன். "மாப்பள, கார்ல என்ன கொண்டாந்தீங்க?"ன்னேன். "எங்க துணிமணி, பாப்பாவுக்குச் சங்கு, கோயில் தீர்த்தம் ஒரு பாட்டல்"ங்கறான். "கருவாடு?"ன்னேன். "மச்சான், புள்ள வேணும்னு சாமி கும்புடப் போற எடத்துல கருவாடு வாங்குவாங்களா?"ன்னான். நான் உடலீங்க. "போறப்ப வாங்க மாட்டீங்க. வர்றப்ப வாங்கலாமல்ல?"ன்னேன். கட் பண்ணிட்டான். பதில் இருந்தா எதுக்குங்க கட் பண்ணோணும்?

அப்பறம் வைத்தியம். சர்வீஸ் ஸ்டேஷன்ல சீட்டையெல்லாம் சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சு, மெஷின்ல உறிஞ்சி எடுத்தாங்க. ஒரு வாரம் தேவலாம்னு இருந்துச்சு, மறுக்கா வந்துருச்சு. ஆப்ப சோடாவத் தூவி ராத்திரி உட்டுக் காத்தால உறிஞ்சுங்கன்னாங்க, செஞ்சேன். அடுப்புக்கரிய மூட்ட கட்டி சீட்டுக்கடியில வெச்சேன். காப்பித் தூள் வெச்சேன். கண்ணாடியில தொங்க உடற மல்லிகப்பூ வாசனை அட்ட வாங்கி மாட்டினேன். அதுதான் எல்லாத்தையும் விட மோசம். அதுவரைக்கும் வெறும் கருவாடு, அப்பறம் கருவாட்டுக்குப் பூ வெச்சாப்புல ஆயிருச்சு. சாம்பிராணி போட்டுக் கதவச் சாத்தினேன். எதுத்த வீட்டுக்காரர் கார் தீப்பிடிச்சுருச்சுன்னு ஒரு பக்கெட் தண்ணியோட ஓடியாந்தாரு.

ஏசிக்காரங்கிட்ட ஏன் காட்டலைன்னு கேக்கறீங்க. கேப்பீங்க. எங்க கோளாறுன்னு எனக்குத்தான் தெரியுமே, எதுக்குங்க இன்னொருத்தங்கிட்டக் காட்டோணும்?

இந்த எடத்துல எங்கப்பன் வர்றாருங்க. அவரு தவறி ரெண்டு வருசமாகப் போகுது. உசுரோட இருந்தப்ப அவரு கேட்டது ஒன்னையும் நான் செஞ்சு குடுத்ததில்ல. மூட்டு வலிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடான்னாருன்னா அடுத்த ஞாயித்துக்கெழமம்பேன். அவருக்கு அடுத்த ஞாயித்துக்கெழம வரவேயில்ல. அதுனால அமாவாசை மட்டும் நான் தவறறதில்லீங்க. விரதமிருந்து காக்காய்க்குச் சோறு வெச்சுப்போட்டுத்தான் வேலைக்கே போவேன்.

மொட்ட மாடியில வெச்சுக்கிட்டிருந்தேன். எங்க அபார்ட்மெண்ட் செயலாளர், தண்ணித் தொட்டிக்குள்ள எலும்பு கெடக்குது, அப்பளங் கெடக்குது, எல்லாம் காக்கா வேலைன்னு சொல்லி மாடியப் பூட்டிட்டாரு. ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம். சோத்த எங்க வெப்பேன்? தரையில வெச்சா நாய் திங்கும். மதில்ல வெச்சா பூன. கீழ, பூபதி அப்பத்தான் கொண்டாந்து உட்ட கார் நிக்குது. பானெட்டு மேல எலையப் போட்டு வெச்சுட்டேன். முன்னால வெச்சா சரியுது, அதுனால மேல தள்ளி, கண்ணாடிய ஒட்டினாப்புல. அன்னைலேருந்து அதான் எடம். காத்தால வெச்சுட்டு கம்பெனி பஸ் ஏறிருவேன். பொழுதோட வந்து பாத்தா எல மட்டுந்தான் இருக்கும், ஒரு பருக்க இருக்காது. எங்கப்பன் வயிறாரச் சாப்புட்டாருன்னு எனக்கு ஒரு நெறவுங்க. கண்ணு கலங்கிரும்.

நீங்க சிரிக்கறீங்க. உங்களுக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்கு அப்பத் தெரியலியே.

வளர்மதி ஒரு நா சொன்னா, "ஏனுங்க, ஒவ்வொரு அமாவாசை கழிஞ்சு மூனு நாலு நாள்ல நாத்தம் எச்சாகுதுங்க, பாத்தீங்களா?"ன்னு. நானும் பாத்தேன். அவ சொன்னது சரிதான். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பறம் புடிபட்டுச்சு. அமாவாசைக்குக் கடல் பொங்குமல்லங்க? கருவாடு எங்கிருந்து வந்துச்சு? கடல்ல இருந்து. உப்பு இருக்கற பொருளு, அந்த நேரத்துல ஈரம் இழுக்கும், நாத்தம் கெளம்பும். வளர்மதி என்னைய ஒரு பார்வ பாத்தா. என்ற அறிவப் பாத்து அசந்துட்டான்னு நெனச்சேன்.

எங்க செக்‌ஷன்ல ரங்கராஜுன்னு ஒருத்தர். அவருகிட்ட இந்த அமாவாசை சங்கதியச் சொன்னேன். அவரு கருவாட்ட உட்டுப்போட்டு அமாவாசையப் புடிச்சுக்கிட்டாரு. "சிகாமணி, உங்கப்பாருக்கு ஏதோ மனக்கொற. வெறும் பருப்பு சோறு வெச்சா எப்படி? வட பாயாசத்தோட வெய்யி"ன்னாரு. அதுவும் நாயந்தானே? அடுத்த அமாவாசைக்கு நாலு வட, ஒரு தொன்னையில பாயாசம், நெய்ச் சோறு, அப்பளம். அந்த வாரம் நாத்தம் எப்படியிருந்துச்சுங்கறீங்க? வாட்ச்மேன் வந்து, "சார், வண்டிய அக்கட்டாலத் தள்ளி நிறுத்துங்க"ன்னான். சரி, அப்பாருக்கு இன்னும் பத்தலைன்னு அதுக்கடுத்த மாசம் ஆறு வட வெச்சேன்.

இப்ப இன்னொரு கல்யாணத்துக்கு வர்றேன், இதுக்கு நாங்க போனோம். சொல்லாம உடலாம்னு பாத்தேன், ஆனா அதுதான் சங்கதியே. ஐப்பசி மாசம், பல்லடத்துல ஒரு மண்டபம். ரெண்டு பக்கத்து ஒறம்பரையும் வந்திருந்தாங்க. பந்தியில நான் உக்காந்திருக்கேன், பூபதி வந்து என்ற பக்கத்து எலையில உக்காந்தான். அவனாத்தான் வந்தான். "நல்லாருக்கீங்களா மச்சான், பாப்பா எப்படியிருக்குது?"ன்னு அவனாத்தான் பேசினான். போன்ல கட் பண்ணினதையெல்லாம் மனசுல வெச்சுக்கல.

எதுத்தாப்புல ஒருத்தர், "ஏப்பா சிகாமணி, கார்ல வராம பஸ்ஸுல வந்தியாமா?"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "கார்ல எங்கங்க ஏற முடியுது, நம்ம மாப்பள ராமேஸ்வரத்துல இருந்து ஒரு மூட்ட கருவாட்டக் கொண்டாந்து உட்டாரல்ல"ன்னேன். நாலு பேரு சிரிச்சாங்க. சிரிச்சா நமக்கு ஒரு வேகம் வரும் பாத்தீங்களா, அது வந்துருச்சு. "புள்ள வரங் கேக்கப் போனாரு, சாமி கருவாட்டக் குடுத்து அனுப்பிருச்சு"ன்னேன். பந்தியே சிரிச்சுது. எவனோ கடசி எலையில இருந்து, "அப்ப இவரு கருவாட்டு மாப்பிள்ளை"ன்னான். இல்லீங்க, எவனோ இல்ல. அதையும் நாந்தான் சொன்னேன்.

பூபதி எலையில அப்பத்தான் சாம்பார் ஊத்தியிருந்தாங்க. எலையக்கூட மடிக்காம எந்திரிச்சான். பொம்பளைங்க பந்தியில அவன் சம்சாரம் உக்காந்திருந்துச்சு, அந்தப் புள்ளையும் எந்திரிச்சுருச்சு. அதுக்குக் காதுல உழுந்திருக்குது. ரெண்டு பேரும் வெளிய போயிட்டாங்க. நான் ரசம் வாங்கிச் சாப்புட்டேன்.

அன்னைக்கு ராத்திரி வளர்மதி சோறு போட்டா, தண்ணி வெச்சா. "வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு இப்படி ஒரு கோவமா உந்தம்பிக்கு"ன்னேன். "அவன் கருவாட்டுக்குக் கோவிச்சுக்கலீங்க"ன்னா. அவ்வளவுதான்.

தையில காது குத்துக்கு நாள் பாத்தோம். யாரு மடியில உக்கார வெக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. "உங்க பெரியப்பா பையன் இருக்காருல்ல, அவரும் மாமன் மொறதான, அவரக் கூப்புட்டுக்கலாம்"ன்னேன். வளர்மதி பாப்பாவத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. "எங்கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப எம்புள்ளைய எவன் மடியிலயும் உக்கார வெக்க மாட்டேன். அவன் வந்தா காது குத்து. வராட்டி எம்புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்"ன்னா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்ல. அழுதிருந்தா நான் சமாளிச்சிருப்பேன்.

அதுக்கப்பறம் கார அவளே செபாஸ்டின் பட்டறைக்குக் கொண்டு போகச் சொன்னா. கூடவும் வந்தா. செபாஸ்டின் கார் ஏசி மட்டும் பாக்கறவரு, நெதானமான மனுசன். நான் அவருகிட்ட, "கருவாட்டு நாத்தம், எங்கியோ ஒரு துண்டு மாட்டியிருக்குது"ன்னு வெவரமாச் சொன்னேன். அவரு காதுல வாங்கின மாதிரியே தெரியல. வண்டியில ஏறி ஏசியப் போட்டாரு. ஒரு பட்டன அமுக்கினாரு. ரெண்டு நிமிசத்துல நாத்தம் கொறஞ்சுது. மறுக்கா அமுக்கினாரு. நாத்தம் வந்துருச்சு.

"சார், நாத்தம் வண்டிக்குள்ள இல்ல. வெளிக்காத்து உள்ள வர்ற வழியில இருக்குது. இந்தப் பட்டன அமுக்கினா உள்காத்தே சுத்தும், அதான் கொறையுது. நீங்க அமுக்கிப் பாக்கவே இல்லீங்களா?"ன்னாரு. நான் அத அமுக்கறதே இல்லீங்க. வெளிக்காத்துதான் ஒடம்புக்கு நல்லதுன்னு எப்பவும் தொறந்துதான் வெச்சிருப்பேன். ஏழு மாசம் அத்தன வேல பாத்தேன், அந்த ஒரு பட்டன அமுக்கல.

வைப்பரக் கழட்டினாரு. அந்தக் கறுப்புச் சல்லடையத் தூக்கினாரு. தூக்கினதும் அவரே ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டாரு. உள்ள ஒரு கால்வாயாட்ட எடம் இருக்குதுங்க. மழத் தண்ணி வெளிய போற ஓட்டையெல்லாம் அடச்சு, அது பூரா சோறு. கறுத்துப்போன சோறு, புழு, வட, ஊறின அப்பளம், பாயாசத் தொன்னை ஒன்னு நசுங்கி.

"காக்காய்க்கு வயிறு ரொம்பிட்டா மீதிய ஒளிச்சு வெக்குமுங்க. பொந்து கெடச்சாப் போதும், சொருகிட்டுப் போயிரும். இந்த ஒடஞ்ச மூல அதுக்குத் தோதா இருந்திருக்குது. ஆனா இத்தன சோறு அதுக்கு எங்கிருந்து கெடச்சுது?"ன்னு செபாஸ்டின் கேட்டாரு. "எங்கியாச்சும் கல்யாண மண்டபத்துல இருந்து கொண்டாந்திருக்கும்"ன்னேன். வளர்மதி எட்டிப் பாத்தா. "அது எங்க மாமனாருக்கு வெச்சதுங்க"ன்னா.

எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலீங்க. பூபதிய நெனச்சேன்னு சொல்லோணும், ஆனா நெசத்துக்கு மொதல்ல எங்கப்பனத்தான் நெனச்சேன். ஏழு மாசமா அவரு திங்கறாரு, பசியாறறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வாய் போகல அவருக்கு. செபாஸ்டின் கைல உறையப் போட்டுக்கிட்டு அள்ளி அள்ளி வாளியில போடறாரு. வளர்மதி வாளியப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. நான் சும்மா நின்னேன்.

வீட்டுக்கு வர்றப்ப, "உந்தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிரு, நாத்தம் அவனால இல்லீன்னு"ன்னேன். "நீங்க பந்தியில சொன்னீங்க. பந்தியிலயே போய்ச் சொல்லுங்க. அவன் மெஸ்ல மத்தியானம் பந்தி நடக்கும்ல, அத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டு, அப்பறம் தட்டக் குடுங்க"ன்னா. பாத்துக்குங்க, இதுதான் உத்தரவு. அதுக்குத்தான் இந்தப் பயணம்.

நான் ஒன்னு நெனச்சிருக்கேன், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இந்த பஸ்ஸு ரெண்டு மணிக்குப் போயிரும். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயக் குடிச்சு, பேப்பர் பாத்துக்கிட்டு உக்காந்துட்டு, மூனு மணிக்கு மேல போலாம்னு. அப்ப பந்தி முடிஞ்சிருக்கும். டேபிள் தொடைக்கற ஆளு ஒன்னு ரெண்டு பேரு இருப்பாங்க. அவங்க முன்னாலயும் சொன்னா சொன்னதுதானுங்களே?

எப்படிச் சொல்றதுன்னு ஒத்திக பாத்துக்கிட்டுத்தான் வந்தேன், நீங்க ஏறுனீங்க. இது எப்படின்னு பாருங்க. "மாப்பள, எல்லாம் ஒரு காக்கா பண்ணின வேல." நல்லாருக்குதுல்லங்க? யாரு மேலயும் பழியில்ல. வேண்டாமுங்களா? சரி, இன்னொன்னு. "அந்த டாக்டர் ஒடஞ்ச சல்லடையோட வண்டிய எந்தலையில கட்டிட்டாரு மாப்பள." ம்? செயலாளர் மாடியப் பூட்டினதுல இருந்து ஆரம்பிக்கலாம்னும் ஒரு யோசன. அவரு பூட்டலைன்னா இத்தனையும் வந்திருக்குமா?

சோறு வெச்சது யாருன்னா கேக்கறீங்க? நீங்க வளர்மதிக்கு ஒறம்பரையா?

கோவிச்சுக்காதீங்க. நீங்க கேட்டது சரிதான். ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க. அவன் கார அப்படித் தொடச்சுக் குடுக்காம இருந்திருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. அப்பறம், நான் சொன்னது ஒரே ஒரு வாட்டி, ஒரு பந்தியில. கல்யாணத்துல பேசினத எவனுங்க ஞாவகம் வெச்சிருக்கான்? வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்திருப்பாங்க. வளர்மதிதான் இதப் பெருசு பண்றா.

ஊரு வந்துருச்சாட்ட இருக்குது. இருங்க, கண்டக்டருகிட்டக் கேட்டுக்கறேன். கண்டக்டருங்களே, பஸ் ஸ்டாண்டுக்குள்ள போறதுக்கு முன்னால, எதுத்தாப்புல ஒரு சைவ மெஸ் இருக்குமுங்களே, அங்க நிறுத்துவீங்களா? பூபதி மெஸ்ஸுன்னு. பச்சப் போர்டு.

எதுங்க?

இல்லீங்க, பூபதி சைவ மெஸ். ஆமா, வேப்பமரத்துக்குப் பக்கத்துல. அதேதான். அதில்லீங்க, நீங்க இப்ப ஒரு பேர் சொன்னீங்களே. இன்னொருக்காச் சொல்லுங்க.

கருவாட்டு மெஸ்ஸுன்னா?

அங்க கருவாடு போடறாங்களா? போடறதில்ல. முட்டகூடக் கெடையாது. அப்பறம் எதுக்குங்க அந்தப் பேரு? தெரியாதா. எல்லாருஞ் சொல்றாங்க, நீங்களுஞ் சொல்றீங்க. டிரைவருமா? நீங்க தெனமும் அங்கதான் சாப்புடறீங்களா? அவன் காதுபடச் சொல்வீங்களா? அவன் என்ன பண்ணுவான், சிரிப்பானா?

சிரிச்சுக்கிட்டே சோறு போடறானாமுங்க. கேட்டீங்களா.

நாலு மாசமா. முன்னப்பின்னத் தெரியாத ஆளுங்கெல்லாம் எல முன்னால உக்காந்துக்கிட்டு அந்தப் பேரச் சொல்லியிருக்காங்க. அந்தப் புள்ள, அவன் சம்சாரம், உள்ள கரண்டியப் புடிச்சுக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டே நின்னிருக்குது. சாமி கருவாட்டக் குடுத்து அனுப்பிருச்சுன்னு சொன்ன வாயிங்க இது. இந்த வாயி.

இல்லீங்க, ஒன்னுமில்ல. இந்தத் தட்டச் சித்த புடிங்க, நான் எந்திரிக்கோணும்.

கண்டக்டரே, அக்கட்டாலப் போகாதீங்க, நில்லுங்க. அந்தப் பேர இனிமேச் சொல்லாதீங்க. அந்தப் பேர வெச்ச ஆளு நானு. அவன் என்ற மச்சினன். என்ற கார்ல நாத்தம் அடிச்சுது, அவங் கருவாடு கொண்டாந்தான்னு கல்யாணப் பந்தியில வெச்சு நாந்தான் சொன்னேன். அவன் ஒன்னுங் கொண்டாரல. சோறு வெச்சது நானு, நாத்தம் என்னுது. முன்னால உக்காந்திருக்கற அம்மா, நீங்களுந் திரும்பிப் பாக்கறீங்க, நல்லாக் கேட்டுக்குங்க. அவன் மேல ஒரு தப்புமில்ல.

இப்ப மணி என்னங்க? ஒன்னே முக்காலா. மெஸ்ல கூட்டம் எத்தன மணி வரைக்கும் இருக்கும்? ரெண்டேகாலுக்கெல்லாம் பந்தி முடிஞ்சுருமா? அப்ப டிரைவரண்ணங்கிட்டச் சொல்லுங்க, கொஞ்சம் வெரசா உடட்டும். எலைய மடிக்கறதுக்குள்ள நான் அங்க போய் நிக்கோணும்.